ஏமாற்றுக்காரர் படங்கள்: எது நிற்கிறது, எது கவிழ்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆளை மயக்கிப் பேசிப் பணத்தைக் கறக்கும் கதைகளை ரசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரு எச்சரிக்கை: முடிவைத் தொடாமல் இந்த வகைப் படத்தைப் பற்றிப் பேச வழியே இல்லை. ‘தி ஸ்டிங்’, ‘நைன் குவீன்ஸ்’, ‘மேட்ச்ஸ்டிக் மென்’, ‘ஸ்பெஷல் 26’, ‘ஓஷன்ஸ் ட்வெல்வ்’ ஆகியவற்றின் முடிச்சுகள் கீழே அவிழ்கின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கொள்ளைப் படமும் ஏமாற்றுக்காரர் படமும் ஒன்றுதானே?

இல்லை. கொள்ளைப் படத்தில் எதிரே நிற்பது ஒரு பூட்டு, ஒரு பெட்டகம், ஒரு காவல் ஏற்பாடு. ஏமாற்றுப் படத்தில் எதிரே நிற்பது ஒரு மனிதர். பெட்டியை அவரே திறந்து, பணத்தை அவரே எண்ணி, அவரே கையில் கொடுக்க வேண்டும். முடிந்தால் நன்றியும் சொல்ல வேண்டும். ‘மங்காத்தா’ (2011) முதல் வகை. ‘சதுரங்க வேட்டை’ (2014) இரண்டாம் வகை. ‘ஸ்பெஷல் 26’ (2013) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: போலி சிபிஐ அதிகாரிகள் ரெய்டு என்று வீட்டுக்குள் நுழைகிறார்கள், பதுக்கிய பணத்தை அவர்கள் எடுத்துப் போவதைப் பயந்துபோன அமைச்சர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பூட்டை உடைக்க ஆள் தேவைப்படவே இல்லை.

ஒரு படம் நிற்பதற்கு மிக முக்கியமான ஒன்று எது? நாயகனா, திட்டமா, ட்விஸ்ட்டா?

மூன்றும் இல்லை. ஏமாறப்போகிறவர்தான். அவர் யார், அவருக்கு என்ன வேண்டும், அவருடைய கர்வம் எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டால் திட்டம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் படம் ஓடிவிடும். அவர் வெறும் பணப்பையாக வந்து உட்கார்ந்தால், பத்து ட்விஸ்ட் வைத்தாலும் தியேட்டரில் ஆள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

1973-ல் வந்த ‘தி ஸ்டிங்’ படத்தை எடுத்துக்கொள்வோம். ஏமாற்றுக்காரர்களாகப் பால் நியூமன், ராபர்ட் ரெட்ஃபோர்ட் ஜோடி. சிறந்த படம் உட்பட 7 ஆஸ்கர். எல்லோரும் அந்த ஜோடியைப் பற்றியும் ஸ்காட் ஜாப்ளினின் பியானோ இசையைப் பற்றியும் பேசுவார்கள். எனக்கோ அந்தப் படம் ராபர்ட் ஷா நடித்த, ஏமாறப்போகும் லோனிகனுடைய படம். சிகாகோ, 1936. லோனிகன் பெரிய தாதா, வங்கியும் வைத்திருக்கிறான், ஆனால் சீட்டாட்டத்தில் திருட்டுத்தனம் செய்யாமல் அவனால் இருக்க முடியாது. ரயிலில் நடக்கும் அந்தப் போக்கர் ஆட்டத்தைக் கவனியுங்கள். நியூமன் குடித்தவன்போலத் தள்ளாடி உள்ளே வருகிறார். கையில் ஜின் பாட்டில். தண்ணீர் கலந்தால் எதிராளிக்குத் தெரியாது என்பதற்காகவே ஜின். லோனிகனின் பெயரை ஒவ்வொரு முறையும் தப்புத்தப்பாகக் கூப்பிடுகிறார். அவன் முகம் இறுகிக்கொண்டே போகிறது. கடைசியில் கோபத்தில் அவனே சீட்டுக்கட்டை மாற்றி வைக்கிறான்: எதிராளிக்கு நாலு மூன்று, தனக்கு நாலு ஒன்பது. நியூமன் சீட்டைத் திருப்பினால் ஒன்பதை வெல்லும் நாலு ஜாக்!

இப்போது லோனிகன் என்ன செய்ய முடியும்? ‘நான் கொடுத்த சீட்டு இது இல்லையே’ என்று எல்லோர் முன்னாலும் கத்தவா முடியும்? தன்னைவிட நன்றாகத் திருடினான் என்று புகார் சொல்ல அவனால் முடியாது. போதாக்குறைக்கு அவனுடைய பர்ஸ் முன்பே பறிபோயிருக்கிறது. நியூமன் ஆட உட்கார்ந்ததே அந்தப் பணத்தில்தான். தோற்ற 15,000 டாலரை எடுத்து வைக்கக்கூட வழியில்லாமல் அவமானத்தோடு நிற்கிறான். பிற்பாடு 5 லட்சம் டாலரோடு அவன், நியூமன் கூட்டம் ஜோடித்த போலிக் குதிரை ரேஸ் பந்தயக் கடைக்கு வருவதற்குக் காரணம் இந்த அவமானம்தான். நாம் அதை நம்புகிறோம், ஏனென்றால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டோம். இந்தக் காட்சி இல்லாமல் அந்தக் கடையை இன்னும் எவ்வளவு பிரமாதமாக ஜோடித்திருந்தாலும் அது வெறும் செட்டாகத்தான் இருந்திருக்கும்.

அப்படியானால் ஏமாறுபவர் பேராசைக்காரராகவோ கெட்டவராகவோ இருந்தே ஆக வேண்டுமா?

வில்லனாக இருந்தால் எழுதுவது சுலபம். நமக்கும் மனசாட்சி உறுத்தாது. ஆனால் கட்டாயம் இல்லை. ஏதோ ஒன்றுக்கு ஏங்குபவராக இருந்தால் போதும்.

‘பேப்பர் மூன்’ (1973) படத்தில் மோசஸ் பிரே செய்தித்தாளில் மரண அறிவிப்புகளைப் படிக்கிறான். பைபிளில் விதவையின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்துக்கொண்டு போய் வாசலில் நிற்கிறான். ‘உங்கள் கணவர் உங்களுக்காக ஆர்டர் கொடுத்திருந்தார், மிச்சப் பணம் பாக்கி’ என்கிறான். அந்தப் பெண்ணுக்குப் பேராசையே கிடையாது. கணவர் கடைசியாகத் தன்னை நினைத்தார் என்று நம்ப ஆசை, அவ்வளவுதான். கூட வரும் சிறுமி ஆடி, வீட்டைப் பார்த்து விலையை ஏற்றுகிறாள்; ஏழை வீடாக இருந்தால் பைபிளைச் சும்மாவே கொடுத்துவிடச் செய்கிறாள். அந்தச் சிறுமியாக நடித்த டேட்டம் ஓ’நீலுக்கு 10 வயதில் ஆஸ்கர் கிடைத்தது. விலையை முடிவு செய்யும் அந்தப் பார்வைக்கே கொடுத்திருக்கலாம்.

‘மேட்ச்ஸ்டிக் மென்’ (2003) இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிக்கோலஸ் கேஜ் நடித்த ராய் தொழில்முறை ஏமாற்றுக்காரன். கடைசியில் ஏமாறுவது அவன்தான். தூண்டிலில் மாட்டியிருந்தது ஒரு மகள். உண்மையில் அவள் மகளே இல்லை.

நம் ஊர் உதாரணம் வேண்டுமானால் ‘தில்லு முல்லு’ (1981). இந்தியில் வந்த ‘கோல்மால்’ படத்தின் மறு ஆக்கம். ரஜினி வேலையைக் காப்பாற்றிக்கொள்ள மீசை இல்லாத ஒரு தம்பியை உருவாக்குகிறார் என்பதுதான் கதை. ஆனால் படத்தைத் தோளில் சுமப்பது முதலாளியாக வரும் தேங்காய் சீனிவாசன். ஒழுக்கம், பண்பாடு, மீசை என்று அவருக்கு இருக்கும் பிடிவாதங்கள் அத்தனை தெளிவாக இருப்பதால்தான் ஒவ்வொரு பொய்யும் அதில் கச்சிதமாகப் போய் உட்காருகிறது. வேடிக்கை என்னவென்றால், ‘காசேதான் கடவுளடா’ (1972) படத்தில் இதே தேங்காய் சீனிவாசன்தான் போலிச் சாமியாராக வந்து மற்றவர்கள் காதில் பூ சுற்றினார். இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்த நடிகர்.

நாயகன் திருடனாக இருந்தால் பார்வையாளர் ஏற்றுக்கொள்வாரா? சோகமான பின்கதை வேண்டாமா?

கொஞ்சம் போதும். ‘தி ஸ்டிங்’ படத்தில் லூதர் என்ற முதியவரை லோனிகனின் ஆட்கள் கொன்றுவிடுகிறார்கள். பழிவாங்க அந்த ஒரு காரணம் கிடைத்ததும் படம் மளமளவென்று வேலைக்கு இறங்கிவிடுகிறது. அழுது நேரத்தைக் கழிப்பதில்லை.

தமிழில் இந்த இடத்தில்தான் உப்பு கூடிவிடும். ‘ஸ்பெஷல் 26’ படத்துக்கு அடித்தளம், 1987 மார்ச்சில் மும்பை ஓப்ரா ஹவுஸ் பகுதியிலுள்ள ஒரு நகைக்கடையில் போலி சிபிஐ ரெய்டு நடத்திய உண்மைச் சம்பவம். அதைத் தமிழில் ‘தானா சேர்ந்த கூட்டம்’ (2018) ஆக்கியபோது, லஞ்சத்தால் வேலை கிடைக்காத இளைஞர்கள், நண்பனின் தற்கொலை, ஊழலுக்கு எதிரான கோபம் எல்லாம் சேர்ந்தன. அது தனியாக ஒரு நல்ல கதைதான். ஆனால் நாயகன் இவ்வளவு நியாயவானாகிவிட்டால் அவன் மாட்டிக்கொள்வானா என்ற பதற்றம் குறைந்துவிடுகிறது. போலி ரெய்டின் சுவையே ‘இவனுங்க யாருன்னு தெரிஞ்சா என்ன ஆகும்’ என்ற பயத்தில்தான் இருக்கிறது. புரட்சிக்காரனை யார் ஜெயிலில் போட்டாலும் நாம் கைதட்டத்தான் போகிறோம்.

நல்ல ட்விஸ்ட்டுக்கும் பார்வையாளருக்கே பட்டை நாமம் போடும் ட்விஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ‘முன்கூட்டியே துப்பு கொடுத்திருக்க வேண்டும்’ என்பது வழக்கமான பதில். சரிதான், ஆனால் அதைவிட உதவியான ஒரு சோதனை உண்டு. நம்மை ஏமாற்றிய அந்த நாடகம் படத்துக்குள்ளே யாருக்காக நடத்தப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். கதைக்குள் அதற்கு ஒரு பார்வையாளர் இருந்தால் நியாயம். நமக்காக மட்டுமே நடத்தப்பட்டிருந்தால் அழுகுணி ஆட்டம்.

‘தி ஸ்டிங்’ முடிவில் எஃப்பிஐ உள்ளே நுழைகிறது. ரெட்ஃபோர்ட் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று நியூமன் அவரைச் சுடுகிறார், எஃப்பிஐ நியூமனைச் சுடுகிறது. இரண்டு பிணம். லோனிகனை அவசரமாக வெளியே இழுத்துக்கொண்டு ஓடுகிறார் ஸ்னைடர் என்ற லஞ்சப் போலீஸ்காரர். கதவு மூடியதும் பிணங்கள் எழுந்து உட்காருகின்றன. எஃப்பிஐயும் கூட்டாளிகள்தான். நாம் ஏமாந்தோம். ஆனால் அந்த எஃப்பிஐ நாடகம் ஸ்னைடருக்காகப் போட்டது. அவர் நம்பினால்தான் லோனிகனை அங்கிருந்து கிளப்புவார், லோனிகனும் செத்தவர்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு வரமாட்டான். நாம் ஸ்னைடரின் பக்கத்தில் நின்று ஏமாந்தோம், அவ்வளவுதான். அதனால் கோபம் வருவதில்லை.

‘ஓஷன்ஸ் ட்வெல்வ்’ (2004) படத்தில் முட்டை வடிவிலான விலையுயர்ந்த கலைப்பொருள் ஒன்றைத் திருட என்னென்னவோ செய்கிறார்கள். ஜூலியா ராபர்ட்ஸ் நடிக்கும் பாத்திரம், தான் ஜூலியா ராபர்ட்ஸ் என்று நடிக்கிற கூத்து வரை போகிறது. கடைசியில் ‘முட்டையை முன்பே ரயிலிலேயே மாற்றிவிட்டோமே’ என்று ஒரு ஃபிளாஷ்பேக். அப்படியானால் நடுவில் பார்த்த பரபரப்பெல்லாம்? போட்டித் திருடனை நம்பவைக்க என்று ஒரு விளக்கம் இருக்கிறது. ஆனால் அவன் எட்டிக்கூடப் பார்க்காத அறைகளிலும் இவர்கள் கவலைப்பட்டார்களே, அது யாருக்காக? நமக்காக மட்டும். ஜாலியான படம்தான், நடிகர்கள் விடுமுறைக்குப் போன மாதிரி இருப்பதைப் பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெளியே வரும்போது டிக்கெட் காசு நினைவுக்கு வந்துவிடுகிறது.

‘ஸ்பெஷல் 26’ இந்தச் சோதனையில் தேறுகிறது. போலி அதிகாரிகள் கூட்டத்தைப் பிடிக்கச் சிபிஐக்கு உதவுவதாகக் காட்டிக்கொண்ட சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்தின் ஆள்தான் என்பது முடிவில் தெரிகிறது. அவருடைய நடிப்பு முழுவதும் மனோஜ் பாஜ்பாய் நடித்த சிபிஐ அதிகாரிக்காக.

திட்டத்தை முன்பே விளக்கிவிடலாமா, மறைக்க வேண்டுமா?

விளக்கினால் அது நடுவழியில் சொதப்ப வேண்டும். மறைத்தால் கச்சிதமாக நடக்கலாம். விளக்கிய திட்டம் விளக்கியபடியே நடந்தால் ஒரே காட்சியை இரண்டு முறை பார்த்த அலுப்புதான் மிச்சம்.

மோசடி நம்பும்படி இருக்க எவ்வளவு ஆராய்ச்சி தேவை?

தொழில்நுட்பம் குறைவாகவும் மனித சுபாவம் அதிகமாகவும் தேவை. ‘தி ஸ்டிங்’ காட்டும் போலி ரேஸ் கடை கற்பனை இல்லை. தந்தி வழியாக வரும் ரேஸ் முடிவைத் தாமதப்படுத்தி அதற்குள் பந்தயம் கட்டலாம் என்று ஆசைகாட்டும் மோசடி அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய அளவில் நடந்தது. டேவிட் மாரர் என்ற மொழியியலாளர் இந்த ஏமாற்றுக்காரர்களோடு பேசிப் பழகி 1940-ல் விரிவாக ஒரு நூலே எழுதினார். படம் வந்த பிறகு தன் நூலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று வழக்கும் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது.

ஆனால் படத்தில் என் மனதில் நிற்பது அந்தக் கடை இல்லை. தந்தி அலுவலகத்தில் தங்களுக்கு ஆள் இருக்கிறது என்று லோனிகனுக்குக் காட்டியாக வேண்டும். அலுவலகம் ஏது? இரண்டு பேர் பெயிண்டர் உடையில் வாளியும் துணியுமாக நிஜ அலுவலகத்துக்குள் நுழைந்து, அறைக்கு வர்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அதிகாரியைக் கிளப்பிவிடுகிறார்கள். லோனிகன் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை அந்த அறை இவர்களுடையது. வாடகைகூடக் கிடையாது.

நிஜ வாழ்க்கை சில சமயம் திரைக்கதையை விஞ்சிவிடும். 1925-ல் விக்டர் லஸ்டிக் பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தைப் பழைய இரும்பு வியாபாரியிடம் விற்றார். அரசு அதிகாரி வேடம், ஆடம்பர ஓட்டலில் ரகசியக் கூட்டம் என்று எல்லாம் செய்தும் வியாபாரிக்குச் சந்தேகம் தீரவில்லை. லஸ்டிக் மெல்ல, ‘எங்கள் சம்பளம் உங்களுக்குத் தெரியாதா...’ என்கிற தினுசில் லஞ்சத்துக்கு அடிபோட்டார். அங்கேதான் வியாபாரிக்கு நிம்மதி வந்தது. லஞ்சம் கேட்கிறார் என்றால் அசல் அதிகாரிதான்! ஏமாந்த பிறகு வெட்கத்தில் போலீசுக்கும் போகவில்லை. எழுதுகிறவர்கள் தேட வேண்டியது இந்த மாதிரி இடத்தைத்தான்.

‘சதுரங்க வேட்டை’ இதை நன்றாகச் செய்தது. மண்ணுளிப் பாம்பு, ஆள் சேர்க்கும் நெட்வொர்க் வியாபாரம், இரிடியம் கலசம் என்று நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் நாம் படித்துச் சிரித்த செய்திகளையே எடுத்துக்கொண்டது. இரும்புத்தூள் ஏற்றிய அரிசி, காந்தம் பதித்த கலசம்; விஷயம் அவ்வளவுதான். கலசம் அரிசியை இழுப்பதைப் பார்த்ததும் கோடிக்கணக்கில் கணக்குப் போடத் தொடங்கும் ஆள்தான் சுவாரசியம். இளவரசு நடித்த செட்டியார் இடைவேளைக்கு ரொம்ப முன்பே ஏமாந்துவிடுகிறார். படம் முடிந்தும் மறக்கவில்லை.

முதல் பாதி சூப்பர், இரண்டாம் பாதி சுமார் என்று பல படங்களைப் பற்றிச் சொல்கிறார்களே, ஏன்?

நாயகன் திருந்தப் போய்விடுவதால். அவன் திருந்துவது தப்பில்லை. திருந்தும்போது கேமராவும் கூடவே போய்விடுகிறது. ஏமாறுபவரைக் கவனிக்க ஆளில்லை. ‘சதுரங்க வேட்டை’யிலேயே இதைப் பார்க்கலாம். முதல் பாதியில் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஏமாறுபவரின் ஆசை படிப்படியாக வளர்கிறது. பின்பகுதியில் கிராமம், மனைவி, பிறக்கப்போகும் குழந்தை என்று கவனம் மாறிவிடுகிறது. அப்போதும் ஒரு மோசடி நடக்கிறது, ஆனால் ஏமாறுகிறவரை நமக்குச் செட்டியார் அளவுக்குத் தெரியாது. எச். வினோத்தின் முதல் படம் என்பதை நினைத்தால் இது பெரிய குறை இல்லை. முதல் பாதி அந்த அளவுக்கு நன்றாக இருந்ததால் உறுத்துகிறது.

நல்ல நடிகர்கள், நல்ல உடை, நல்ல பாட்டு இருந்தால் சமாளித்துவிட முடியாதா?

ஓரளவுக்கு முடியும். ‘அமெரிக்கன் ஹசில்’ (2013) 10 ஆஸ்கர் பரிந்துரை வாங்கியது, விருது ஒன்றும் கிடைக்கவில்லை. கிறிஸ்டியன் பேல் கண்ணாடி முன் நின்று வழுக்கையை மறைக்கத் தலைமுடியை ஒட்டிச் சீவும் முதல் காட்சி அருமை. அதன் பிறகு யார் யாரை என்னவென்று ஏமாற்றினார்கள் என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். முடிதான் ஞாபகம் இருக்கும்.

காதல் இருந்தால் கெட்டுவிடுமா?

காதல் தனியாக, மோசடி தனியாக ஓடினால் கெடும். ‘கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்’ (2020) இதில் கெட்டிக்காரத்தனம் செய்தது. இணையத்தில் பொருள் வாங்கித் திருப்பி அனுப்புவதில் உள்ள ஓட்டையை வைத்துப் பிழைக்கும் இரண்டு பையன்கள் இரண்டு பெண்களைக் காதலிக்கிறார்கள். காதலே மோசடி என்பது பிறகுதான் தெரிகிறது. பாட்டுகூட வீணாகவில்லை, அதுவும் தூண்டிலின் பகுதிதான்.

முடிவில் ஏமாற்றுக்காரன் தண்டனை அனுபவிக்க வேண்டுமா?

ஹாலிவுட்டில் ஒரு காலத்தில் அது விதியாகவே இருந்தது. குற்றவாளி தப்பிப்பதாகக் காட்டக்கூடாது என்ற தணிக்கை நெறிமுறை 1968 வரை பெயரளவிலாவது நீடித்தது. ஐந்து வருடம் கழித்து வந்த ‘தி ஸ்டிங்’ படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

தண்டனை வேண்டுமென்றால் அது போலீஸிடமிருந்து வராமல், தொழிலுக்குள்ளிருந்தே வந்தால் அழகு. ஃபேபியன் பியலின்ஸ்கி இயக்கிய அர்ஜென்டினப் படம் ‘நைன் குவீன்ஸ்’ (2000) இதற்கு நான் காட்டும் உதாரணம். பியூனஸ் அயர்ஸ் நகரில் ஏறத்தாழ ஒரு நாளில் நடக்கும் கதை. அனுபவசாலியான மார்கோஸ், கடையில் சில்லறை மாற்றும் தில்லுமுல்லில் மாட்டிக்கொண்ட ஜுவான் என்ற இளைஞனைக் காப்பாற்றிக் கூட்டாளி ஆக்கிக்கொள்கிறான். போலி அஞ்சல் தலைகளை ஒரு பணக்காரரிடம் தள்ள வேண்டும். மார்கோஸ் யார் என்பதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. சொந்தத் தம்பி தங்கையின் பரம்பரைச் சொத்திலேயே கைவைத்தவன். கூட்டாளியின் பங்கைக் குறைக்க எந்நேரமும் வழி தேடுகிறவன். எனவே ஏமாறப்போகிறவன் அவன்தான் என்பது தெரியவரும்போது, அவன் ஆசை முழுவதும் நமக்கு அத்துபடி. கடைசியில் காசோலையோடு வங்கிக்கு ஓடுகிறான். வாசலில் கதவைத் தட்டிக்கொண்டு கூட்டம். வங்கி நிர்வாகிகளே பணத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். படம் வந்த மறுவருடம், 2001 டிசம்பரில், அர்ஜென்டினா அரசு மக்கள் தங்கள் வங்கிப் பணத்தை எடுக்க நிஜமாகவே கட்டுப்பாடு விதித்தது. வங்கி வாசல்களில் மக்கள் பாத்திரங்களைத் தட்டிப் போராடினார்கள்.

இந்தப் படங்கள் ஏமாற்றக் கற்றுக்கொடுக்கவில்லையா?

சில்லறை மாற்றும் தந்திரம் சினிமாவுக்கு முந்தியது. கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்குப் படத்தில் பாதிதான் கிடைக்கும், அதுவும் நடிகரின் கவர்ச்சியோடு சேர்த்து. அந்தக் கவர்ச்சி வீட்டுக்குக் கூட வராது.

முடிவு தெரிந்துவிட்டதே, இனி பார்த்து என்ன பயன்?

இரண்டாம் முறைதான் ஏமாறுபவரைச் சரியாகக் கவனிக்க முடியும். ‘நைன் குவீன்ஸ்’ படத்தில் மார்கோஸை விட்டுவிட்டு ஜுவானின் முகத்தையும் ஓட்டலில் வேலை செய்யும் தங்கையின் முகத்தையும் மட்டும் பாருங்கள். அவர்கள் இருவரும் ஒரே கட்சி என்பது தெரிந்தபின், ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போலக் கடந்துபோகும் காட்சி வேறு படமாகிவிடுகிறது.

எங்கே தொடங்கலாம்?

தமிழில் ‘சதுரங்க வேட்டை’. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க ‘தில்லு முல்லு’. அப்புறம் ‘பேப்பர் மூன்’, ‘தி ஸ்டிங்’. இரண்டும் 1973-ல் வந்தவை, இரண்டிலும் பின்னணி 1930-களின் பொருளாதார மந்தம், எனவே அடுத்தடுத்த நாளில் பார்க்கலாம். ‘நைன் குவீன்ஸ்’ பார்க்க நினைத்தால் 2004-ல் வந்த அமெரிக்க மறு ஆக்கத்தைத் தேடாமல் ஸ்பானிஷ் மூலத்தையே சப்டைட்டிலோடு பாருங்கள். அந்த வங்கி வாசல் அங்கேதான் பொருந்துகிறது.